எட்ட நின்று காண்போம்



கல்லூரியில் பயிலும் மகன், பறவைகளைப் படம் பிடிக்க ஒரு டெலிபோட்டோ லென்ஸ் வேண்டுமென்று கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா, அல்லது அது வீண் செலவா என்று ஒரு தந்தை நம்மிடம் வினவினார். இக்காலத்தில் பல குடும்பங்களில் எழும் வினா இது. எதைக் கண்டாலும் கைப்பேசியில் படம் எடுக்கப் பழகிவிட்ட நம் பிள்ளைகள், வேப்பமரக் கிளையில் அமர்ந்திருக்கும் மைனாவையும் எடுத்துப் பார்க்கிறார்கள். படத்தில் மரம் இருக்கிறது, வானம் இருக்கிறது. மைனா மட்டும் ஒரு கரும்புள்ளியாய் இருக்கிறது. அதன்பின் அவர்கள் கேட்பது லென்ஸைத்தான். ஆதலின் அத்தந்தைக்குச் சொன்ன விடையைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறோம்.

விடையின் சுருக்கம் இதுவே: வாங்கிக் கொடுங்கள், பெரியது வேண்டாம், சிறியதே போதும். அத்துடன் அந்த லென்ஸ் எதற்காக உண்டாயிற்று என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பின்னது இல்லாமல் முன்னதை மட்டும் கொடுப்பது, பறவைக்குத் தீங்காய் முடியலாம்.

கருவி வந்த வழி

காட்டுப் பறவை மனிதனை அண்ட விடுவதில்லை. பறவையைப் படம் எடுக்க விரும்புவோர்க்கு முதல் இடர்ப்பாடு இதுவே. பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே என்பவர் 1882-ஆம் ஆண்டில் துப்பாக்கியின் வடிவிலேயே ஒரு காமிராவை அமைத்தார். அதைத் தோளில் அணைத்துக் குறி பார்த்து விசையை அழுத்தினால், நொடிக்கு 12 படங்கள் பதிவாகும். குண்டில்லாத அந்தத் துப்பாக்கியைக் கொண்டு, பறக்கும் பறவையின் சிறகு எவ்வாறு மேலும் கீழும் அசைகிறது என்பதை அவர் ஆராய்ந்தார். வேட்டைக்காரனின் கருவியைப் போன்ற ஒன்றால், உயிருக்கு ஊறு செய்யாமலே பறவையை அறிய முடியும் என்பது அப்போதே விளங்கிற்று.

இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர் இருவர் இருந்தனர். 1892-இல் செர்ரி ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார். அம்முயற்சியின் பயனாக, பறவைக் கூடுகளைப் பற்றி நிழற்படங்களாலேயே விளக்கப்பட்ட ஒரு நூல் 1895-இல் வெளிவந்தது. ஆனால் அக்காலத்து லென்ஸுக்குத் தொலைவு எட்டாது. பறவையின் அருகே சென்றே ஆகவேண்டும். அதற்காக அவர்கள் ஒரு காளையின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்து, பொய்க்காளை ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் காமிராவுடன் ஒளிந்து நின்றனர்! இன்று இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மனிதனைக் கண்டால் பறவை அஞ்சும், மாட்டைக் கண்டால் அஞ்சாது என்பதை அவர்கள் கூர்ந்து கண்டிருந்தனர் அன்றோ!

அருகே செல்வதன் இடர் பறவைக்கு மட்டுமன்று. எரிக் ஹாஸ்கிங் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேயப் பறவைப் படக்கலைஞர், 1937-இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே பணி செய்தபோது, குஞ்சுகளைக் காக்க முற்பட்ட தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். அவர் அதன்பின்னும் பல்லாண்டுகள் பறவைகளைப் படம் எடுத்தார் என்பது வேறு செய்தி. கூடு என்பது பறவைக்கு எத்துணை உயிரானது என்பதற்கு அந்நிகழ்ச்சியைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் தமிழகத்தில் இத்துறையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் தம் மறைவு வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிவந்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட காமிராவால், கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் இளைஞர் இவரை நினைத்துக்கொள்வது நலம். தமிழிலும் பறவைகளைப் பற்றி எழுதிய இவர், நாம் பின்னர்க் காணப்போகும் வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

லென்ஸ் சிறுத்த விதம்

பறவையின் அருகே செல்லாமல் அதன் உருவைப் பெரிதாகக் காட்டுவதே டெலிபோட்டோ லென்ஸின் பணி. அதன் ஆற்றலைக் குவிய நீளத்தால் அளப்பர். மில்லி மீட்டரில் சொல்வர். பழைய பிலிம் காமிராவில் 50 மில்லி மீட்டர் லென்ஸ் இயல்பான காட்சியைத் தரும். 600 மில்லி மீட்டர் லென்ஸ் அதைப்போல் 12 மடங்கு பெரிதாகக் காட்டும். பறவைக்கு ஏற்றது இந்த 600 என்பது அனுபவமுள்ளோர் கருத்து. ஆனால் அது சுமக்கத்தக்க பொருளாக இருக்கவில்லை. கேனன் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட 600 மில்லி மீட்டர் எஃப் 4 லென்ஸின் எடை 5 கிலோவுக்கும் மேல். அதைத் தாங்க வலுவான முக்காலி வேண்டும். அதன் விலையோ நடுத்தரக் குடும்பத்தால் எண்ணிப் பார்க்கவும் இயலாதது.

இந்நிலை மூன்று வழிகளால் மாறிற்று.

முதலாவது, காமிராவின் உள்ளே படம் பதியும் சில்லைச் சிறிதாக்கினர். பழைய பிலிமின் பரப்பு 36-க்கு 24 மில்லி மீட்டர். 2008-இல் தொடங்கிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்னும் முறையில் சில்லின் பரப்பு 17.3-க்கு 13 மில்லி மீட்டர். ஏறத்தாழ பாதி அகலம். ஆகவே 300 மில்லி மீட்டர் லென்ஸே அதில் 600-இன் பணியைச் செய்துவிடும். இம்முறைக்கென ஒலிம்பஸ் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட 75–300 மில்லி மீட்டர் லென்ஸின் எடை 430 கிராம். ஒரு சிறு தேங்காய் மூடியைப்போல் கைப்பையில் அடங்கும்.

இரண்டாவது வழி கடலிலிருந்து வந்தது எனலாம். கலங்கரை விளக்கத்துக்குப் பெரிய கண்ணாடி வில்லை வேண்டியிருந்தபோது, அதன் கனத்தைக் குறைக்க, ஒரே கட்டியாய் வார்க்காமல் படிப்படியான வளையங்களாக அமைக்கலாம் என்று கண்டவர் அகஸ்டின் ஃபிரெனல் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அவ்வில்லை முதன்முதலாக ஒளி வீசிற்று. அவர் பெயரைத் தாங்கிய மிக நுண்ணிய வளையங்கள் கொண்ட வில்லையை நிக்கான் நிறுவனம் 2015-இல் தன் 300 மில்லி மீட்டர் லென்ஸுக்குள் வைத்தது. அதற்கு முந்தைய 300 மில்லி மீட்டர் எஃப் 4 லென்ஸ் 1,440 கிராம். புதியது 755 கிராம். எடை ஏறத்தாழ பாதியாயிற்று.

மூன்றாவது வழி, லென்ஸின் வாயைக் குறுக்குவது. கேனன் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட 600 மில்லி மீட்டர் எஃப் 11 லென்ஸ் 930 கிராம்தான். வாய் குறுகியதால் கண்ணாடி சிறுத்தது. கண்ணாடி சிறுத்ததால் எடையும் விலையும் குறைந்தன.

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. எஃப் 4 லென்ஸோடு ஒப்பிட்டால், எஃப் 11 லென்ஸ் உள்ளே விடும் ஒளி எட்டில் ஒரு பங்கே. சிறிய லென்ஸை வாங்குவோர் ஒளியை விட்டுக்கொடுத்து இலேசைப் பெறுகிறார்கள். அடர்ந்த காட்டின் இருளிலும், அந்தி மயங்கிய பின்பும் அது தடுமாறும். ஆனால் நம் நாட்டில் வெயிலுக்கா பஞ்சம்? ஏரியும் வயலும் திறந்த வெளியும் நம்மைச் சுற்றி இருக்க, இக்குறை பெரிதாய்த் தோன்றாது.

கையாளும் முறை

வாங்கிய முதல் நாளே எல்லாப் படங்களும் கலங்கி வந்தால், பிள்ளை மனம் தளர்ந்து கருவியைப் பெட்டியில் வைத்துவிடுவான். ஆகையால் சில குறிப்புகள்.

ஒளி முகத்துக்கு எதிரே இருத்தலாகாது. சூரியன் நம் முதுகுப்புறம் இருக்க நிற்க வேண்டும். காலை விடிந்தபின் முதல் இரண்டு மணி நேரம் சிறந்தது. வெயில் ஏறியபின் தரையிலிருந்தும் நீரிலிருந்தும் எழும் அனலில் காற்று அலையாடும். கண்ணுக்குத் தெரியாத அந்த அலையாட்டம் டெலிபோட்டோ லென்ஸில் பெரிதாகித் தெரியும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் அதை நீக்க இயலாது.

லென்ஸ் தொலைவைப் பெரிதாக்குவதுபோலவே கை நடுக்கத்தையும் பெரிதாக்கும். இன்றைய கருவிகளில் நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு உண்டு. ஆனால் அது நம் கையின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றி, பறவையின் அசைவை நிறுத்தாது. அதற்கு ஷட்டரின் வேகம் வேண்டும். அமைதியாய் அமர்ந்த நாரைக்கு நொடியில் 500-இல் ஒரு பங்கு போதும். துள்ளித் திரியும் சிட்டுக்கு 1,000-இல் ஒரு பங்கு. பறக்கும் பறவைக்கு 2,000-இல் ஒரு பங்கு நன்று. முழு வெயிலில், எஃப் 8 துளையும் ஐ.எஸ்.ஓ. 400-உம் வைத்தால், 1,600-இல் ஒரு பங்கு வேகம் எளிதில் கிடைக்கும். மேகம் மூடினால் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்த வேண்டும். படத்தில் சற்றே மணல் தூவியதுபோல் தெரிந்தாலும், கலங்கிய படத்தைவிட அது மேலானது.

இடக்கையால் லென்ஸின் அடியைத் தாங்கி, இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்து, மரத்திலோ மதிலிலோ தோளைச் சாய்த்துக்கொண்டால், அதுவே முக்காலி. தெளிவு பறவையின் கண்ணில் விழ வேண்டும். வால் மங்கினாலும் மன்னிக்கலாம், கண் மங்கினால் படம் உயிரிழக்கும். தரையில் மேயும் பறவைக்குக் குனிந்தோ உட்கார்ந்தோ எடுப்பது நல்லது. மேலிருந்து எடுத்தால் முதுகு மட்டுமே தெரியும்.

தொலைவின் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். மேலே சொன்ன 300 மில்லி மீட்டர் சிறு லென்ஸில், 10 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 58 சென்டி மீட்டர் அகலமான காட்சி படத்தில் அடங்கும். 16 சென்டி மீட்டர் நீளமுள்ள சிறுநீல மீன்கொத்தி அதில் கால் பங்குக்கும் மேல் நிறையும். 50 மீட்டர் தொலைவிலோ, ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள்மூக்கு நாரை படத்தின் உயரத்தில் ஏறத்தாழ பாதியை நிறைத்து நிற்கும். பெரிய பறவைக்கு 50 மீட்டர் போதுமென்றால், அதன் காலடிக்குச் செல்ல வேண்டிய தேவை என்ன?

வேடந்தாங்கல் கரையில்

இந்த எட்ட நிற்கும் கலையைக் கற்க, செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கலைவிடப் பொருத்தமான இடம் நம் நாட்டில் அரிது. வேடர்கள் தங்கிய ஊர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஆனால் அவ்வூரின் புகழோ வேட்டையைத் தடுத்ததால் உண்டாயிற்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரியில், நீருள் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் பாயும் வயல் செழிக்கும் என்பதை அவ்வூர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாய் அறிந்திருந்தனர். ஆங்கிலேயச் சிப்பாய்கள் வந்து நாரைகளைச் சுட்டபோது, ஊரார் மாவட்டக் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ், அப்பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து மூலமாக வழங்கினார். காட்டுயிர்ப் பாதுகாப்பு என்னும் சொல்லே வழங்காத காலத்தில், எளிய உழவர்கள் துப்பாக்கியைத் தங்கள் ஏரிக்கு வெளியே நிறுத்தினர். 2022-இல் இவ்வேரி, உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

மழை நன்கு பெய்த ஆண்டில், நவம்பர் முதல் மார்ச் வரை அங்குச் சென்றால் நத்தைகொத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியவற்றைக் காணலாம். பார்வையாளர் ஏரிக்கரையில் நடக்கலாம்; காட்சிக் கோபுரத்தில் ஏறலாம்; மரங்களுக்கும் நமக்கும் இடையே நீர் கிடக்கும். அந்த நீரே வேலி. கரையில் நின்றபடி ஒருமணி நேரம் லென்ஸின் வழியே ஒரே கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், தாய் தன் அலகில் சுள்ளி கொண்டுவருவதும், தந்தை இறங்கியதும் இரண்டும் கழுத்தை வளைத்து வரவேற்பதும், வெயில் ஏறியதும் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதும் தெரியும். வெறுங்கண்ணுக்கு எட்டாத குடும்ப வாழ்க்கை அது. இதைக் காட்டுவதற்காகவே லென்ஸ்.

கூட்டருகே

இப்போது நாம் அஞ்சும் செய்திக்கு வருவோம். ஐந்து கிலோ லென்ஸைச் சுமந்தவர் ஓரிடத்தில் முக்காலியை ஊன்றி அமர்ந்துவிடுவார், அதிகம் அலையமாட்டார். அரைக்கிலோ லென்ஸை வைத்திருப்பவரோ புதருக்குள் நுழையலாம், வரப்பில் ஓடலாம், கிளையை விலக்கலாம். எட்ட நிற்க உதவும் கருவியே, இலேசாய் இருப்பதால், கிட்டப் போகத் தூண்டுகிறது. இன்னும் சற்று நெருங்கினால் இன்னும் பெரிதாய் வருமே என்னும் ஆசை, மனிதர் எவர்க்கும் இயல்பே.

அந்த ஆசையின் விலையைப் பறவை செலுத்துகிறது. முட்டையின்மேல் அமர்ந்திருக்கும் தாய் நம்மைக் கண்டு எழுந்து பறந்தால், சில நிமிடங்களுக்கு அம்முட்டைகள் நண்பகல் வெயிலில் கிடக்கும். கருவுக்கு அந்தச் சூடு போதும், உயிர் போய்விட. சுற்றிலும் காகங்கள் காத்திருக்கின்றன. தாய் இல்லாத கூட்டை அவை உடனே கண்டுகொள்ளும். படம் தெளிவாய் விழ வேண்டுமென்று கூட்டை மறைத்த இலைகளை ஒடிப்போரும் உண்டு. நாம் வீடு திரும்பிய பின்னும் அக்கூடு வெயிலுக்கும் காகத்துக்கும் திறந்தே கிடக்கும். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து ஆண் பறவையை வரவழைப்போரும் உண்டு. எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி அது தன் வேலையை விட்டு அலையும். பறக்கும் காட்சி வேண்டுமென்று கைதட்டிக் கூட்டத்தை எழுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவை யாவும் படத்தில் தெரிவதில்லை. அழகான படமாகவே அது சுவரில் தொங்கும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்னும் சொல்லுக்கு வரையறை கூறும்போது, கொல்லுதலோடும் பிடித்தலோடும் நின்றுவிடவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதையும் அது வேட்டையிலேயே சேர்த்திருக்கிறது. கையில் துப்பாக்கி இல்லை, காமிராதான் இருக்கிறது என்பது அங்கே விடையாகாது. சரணாலயங்களில் படம் எடுக்க விதிகளும் கட்டணமும் உண்டு. முதலில் கேட்டறிந்து நுழைய வேண்டும்.

பறவை துன்புறுகிறதா என்று எப்படி அறிவது? மேய்ந்துகொண்டிருந்த பறவை மேய்ச்சலை நிறுத்தித் தலையை நிமிர்த்தி நம்மையே நோக்கினால், நாம் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடலை நிமிர்த்துச் சிறகைச் சற்றே தளர்த்தினால், அடுத்த கணம் பறந்துவிடும். அலகில் இரையோடு கூட்டுக்குச் செல்லாமல் பக்கத்துக் கிளையில் தயங்கி நின்று ஓயாமல் கத்தினால், நாம் கூட்டுக்கும் தாய்க்கும் குறுக்கே நிற்கிறோம். உள்ளே குஞ்சுகள் பசித்திருக்கின்றன. அப்பொழுது செய்யத்தக்கது ஒன்றே. காமிராவை இறக்கி, திடீரென்று திரும்பாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். பறவை தன் வேலையை மீண்டும் தொடங்கும் இடம் எதுவோ, அதுவே நாம் நிற்க வேண்டிய இடம். அந்த அளவைப் பறவைதான் சொல்ல முடியும். நூலில் எழுதிவைக்க இயலாது. கூடு இருக்கும் இடத்தைப் பலருக்கும் பரப்பாமல் இருப்பதும் இதனோடு சேர்ந்ததே. நாம் ஒருவர் எட்ட நின்றாலும், கேள்விப்பட்டு வரும் இருபதுபேர் அவ்வாறு நிற்பார்கள் என்பதற்கு உறுதி ஏது?

வீட்டிலிருந்தே தொடங்குக

இதற்கெல்லாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுமென்பதில்லை. முற்றத்தில் நிழலான இடத்தில் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நாள்தோறும் கழுவி நிரப்பி வாருங்கள். கோடையில் தவிட்டுக்குருவியும் கொண்டைக்குருவியும் மைனாவும் வரும். சன்னலுக்குப் பின்னால் அமர்ந்து எடுத்தால், பறவை நம்மை அறியாது. வெளியே அதிகம் நடமாட இயலாத முதியோர்க்கும் இது தக்க பொழுதுபோக்கு. பேரப்பிள்ளை எடுக்க, பாட்டி பெயர் சொல்ல, பார்த்த நாளையும் பறவையின் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். 2015 முதல் ஆண்டுதோறும் தமிழகத்தில் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குடும்பமாகவே பங்குகொள்ளலாம். ஐயத்துக்குரிய பறவையை அடையாளம் காண, மங்கலான ஒரு படமும் அப்போது பேருதவி செய்யும். அழகுக்காக எடுத்த படம் அறிவுக்கும் பயன்படுவது அவ்வாறுதான்.

அந்தத் தந்தையிடம் நாம் இறுதியாகச் சொன்னது இது. லென்ஸை வாங்கிக் கொடுத்த முதல் ஞாயிறு மாலை, மகனோடு நீங்களும் ஊர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். அவன் எடுத்த படங்களை ஒவ்வொன்றாய்ப் பாருங்கள். படத்தில் பறவை எவ்வளவு பெரிதாய் வந்திருக்கிறது என்று முதலில் கேட்காதீர்கள். நீ படம் எடுத்துத் திரும்பியபோது அது அங்கேயே இருந்ததா என்று கேளுங்கள். இருந்தது என்று அவன் சொல்லும் நாளில், செலவழித்த பணம் வீணாகவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.